ஒரே மெயிலில் இருவர்

கமருன்னிஸாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கெட்ட செய்தியைச் சூடு ஆறவைத்துத்தான் கணவருக்குச் சொல்வாள். கஜா புயலில் அவர்கள் தோப்பில் முப்பத்தொரு தென்னைகள் சாய்ந்தன. தம்மாமிலிருந்து போனில் கேட்ட ஹபீப் முகம்மதுவிடம் நாலைந்து மரம் போனதாகச் சொன்னாள். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை, அவர் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, ஏதோ போன வருடத்துக் கதை போலச் சொன்னாள். கடல் தாண்டி இருக்கிற மனுஷரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அங்கிருந்து அவரால் என்ன செய்ய முடியும், சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார், அதுதான் மிச்சம் என்பது அவள் கட்சி. அதிராம்பட்டினத்தில் அவள் தெருவில் பாதி வீடுகள் இந்தக் கட்சியில்தான் இருந்தன.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். ஹபீப் முகம்மது தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பதினோரு வருடத்துக்கு முன் விடுமுறையில் வந்தபோது ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். அதை வைத்துப் பட்டுக்கோட்டையில் அச்சகம் நடத்தும் துரைக்கண்ணுவுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கத் தொடங்கினாள். நிக்காஹ் பத்திரிகை, குடமுழுக்கு நோட்டீஸ், உரக்கடை விளம்பரம், மதரஸா பாடப் புத்தகம் எல்லாம் அவள் கையில் வரும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற விவசாயிகளின் துண்டறிக்கையை ஆண்டுதோறும் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறாள். எழுத்துப் பிழை அவள் கண்ணுக்குத் தப்பாது. துரைக்கண்ணு புரூஃப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார்.

அடித்ததை அனுப்ப மெயில் வேண்டுமே. ஹபீப் முகம்மதுவுக்கு அவருடைய அறைத்தோழர் ஒரு மெயில் திறந்து கொடுத்திருந்தார். அதன் பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தார். அதே மெயிலில்தான் பதினோரு வருடமும் அவள் இருந்தாள். தனக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று தோன்றியதே இல்லை. குடும்பத்துக்கு ரேஷன் கார்டு ஒன்று, மெயிலும் ஒன்று.

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் குளிக்கும்போது இடது மார்பின் ஓரத்தில் விரலில் ஏதோ தட்டியது. புளியங்கொட்டை அளவு. அழுத்தினால் வலிக்கவில்லை. வலிக்காததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, ‘மார்பில் வலி இல்லாத கட்டி’ என்று அடித்துத் தேடினாள். வலிக்காததுதான் கவனிக்க வேண்டியது என்று முதல் வரியே சொன்னது. மூடி வைத்துவிட்டாள். அடுத்த நாள் வேறு வார்த்தைகளில் தேடினாள். அதற்கடுத்த நாள் இன்னும் வேறு மாதிரி. கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும் என்பது போல நான்கு நாள் தேடினாள். டாக்டரிடம் போகவில்லை. தஞ்சாவூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் ஷிஃபாவிடம் மூச்சு விடவில்லை. கணவரிடம் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை.

ஐந்தாம் நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சுமையா வந்தாள். ஹபீப் முகம்மதுவின் தங்கை, இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். சுமையா மகளின் நிக்காஹ் பத்திரிகையைக் கமருன்னிஸாதான் அடித்துக்கொண்டிருந்தாள். மேலே போட நல்ல பூவேலைப்பாடு ஒன்று வேண்டும் என்று இருவரும் அருகருகே உட்கார்ந்து படங்கள் உள்ள ஒரு தளத்தைத் திறந்தார்கள். பூ வருவதற்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. இளஞ்சிவப்பு ரிப்பன், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஒரு பெண், கீழே பெரிய தமிழ் எழுத்து. சுமையா அதை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள். உங்கள் மார்பில் கட்டியா, தாமதிக்க வேண்டாம்.

"என்ன மதினி, இதையெல்லாமா போடுவாங்க?" என்று சிரித்தாள் சுமையா. சிரிப்போடு திரும்பியவள் கமருன்னிஸாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

கமருன்னிஸா அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் அந்த ரிப்பன். செய்தித் தளத்தைத் திறந்தாள், அங்கே வேறு ஒரு ஆஸ்பத்திரி, வேறு ஒரு ரிப்பன். இப்போதெல்லாம் எல்லாருக்கும் இதுதான் வருகிறது என்று சொல்லிச் சமாளித்தாள். எனக்கு வரவில்லையே என்று சுமையா தன் போனைத் திறந்து காட்டினாள். அதில் பட்டுப்புடவையும் கல்யாண மண்டபமும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கமருன்னிஸா லேப்டாப்பை மூடிவிட்டு, டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

அவளுக்குப் புரியவில்லை. வெளியில் ஒரு வார்த்தை விடவில்லை. தன் உடம்பில் எங்கே என்ன இருக்கிறது என்பது அவளுக்கும் படைத்தவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது இப்போது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி நாத்தனார் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி நிற்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஷிஃபா ஹாஸ்டலிலிருந்து வந்தபோது, விளம்பரத் தொல்லையால் வேலையே ஓடவில்லை, இதை நிறுத்த ஏதாவது வழி உண்டா என்று கமருன்னிஸா கேட்டாள். என்ன விளம்பரம் என்று ஷிஃபா கேட்டதற்கு, கண்டதும் வருகிறது என்றாள்.

ஷிஃபாவுக்கு இது பிடித்த வேலை. நாம் எதைத் தேடுகிறோம், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று விளம்பரக் கம்பெனிகள் பின்னாலேயே வந்து குறித்துக்கொள்கின்றன, அதை வைத்து நாம் யார் என்று ஒரு சித்திரம் எழுதுகின்றன என்று விளக்கினாள். பிரவுசரில் இரண்டு கருவிகளைச் சேர்த்தாள். ஒன்று, விளம்பரங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். மறைத்ததோடு நில்லாமல், மறைத்த ஒவ்வொன்றையும் தானே திரைக்குப் பின்னால் சொடுக்கிவைக்கும். எல்லாவற்றையும் சொடுக்குகிறவளுக்கு எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும். மறைத்த விளம்பரங்களின் படங்களை ஒரு பக்கத்தில் சேர்த்தும் வைத்திருக்கும், வேண்டுமானால் பார்க்கலாம். இன்னொரு கருவி, சில நிமிடத்துக்கு ஒருமுறை சம்பந்தமே இல்லாத எதையாவது தானாகத் தேடிக்கொண்டே இருக்கும்.

"இனிமே நீங்க யாருன்னே அவங்களுக்குப் புரியாது உம்மா" என்றாள் ஷிஃபா.

உண்மையில் திரை துடைத்துவிட்டாற்போல ஆயிற்று. சுமையா மறுபடி வந்து பத்திரிகையை முடித்துப் போனாள், ஒன்றும் வரவில்லை. விளம்பரம் போனதும் கட்டியும் போய்விட்டது போல கமருன்னிஸாவுக்கு ஒரு தைரியம் வந்தது. குளிக்கும்போது அந்தப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டாள். மூன்று வாரம் இப்படி ஓடியது.

மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஹபீப் முகம்மது கூப்பிட்டார். நோன்புக்கு முன்பிருந்தே அவர் வீடியோவில் வருவதில்லை. ஷிஃப்ட் மாறிவிட்டது, அறையில் நெட் இழுக்கவில்லை என்று குரல் மட்டும்தான். நலம் விசாரித்து முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தார். பிறகு, வீட்டு லேப்டாப்பை வேறு யாராவது தொடுகிறார்களா என்று கேட்டார். தன் போனில் தேடும் இடத்தைத் தொட்டால் கீழே வரிசையாக என்னென்னவோ இங்கிலீஷில் வருகிறது, தான் எதையும் தேடவில்லை என்றார். கூட இருக்கும் ஜாஃபர் சாதிக்கிடம் காட்டினாராம். கோர்ட், ஜாமீன், வெள்ளம், எந்த நாட்டிலோ ஒரு மந்திரி ராஜினாமா என்று அவர் படித்துக் காட்டிவிட்டு, யாரோ மெயிலைத் திருடிவிட்டார்கள் என்று சொன்னாராம்.

"வீட்ல ஏதும் பிரச்சனை இல்லையே, கமரு?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னாள். போனை வைத்த கையோடு ஷிஃபாவைக் கூப்பிட்டாள். கணவர் சொன்னதை அவளிடம் சொன்னாள்.

"உம்மா, நீங்க இத்தனை நாளும் வாப்பா மெயில்லயா இருந்தீங்க?"

ஆமாம் என்றாள்.

"அப்ப நீங்க தேடுறதெல்லாம் அவங்க போன்ல போய் நிக்கும். அவங்க தேடுறதும் உங்களுக்கு வரும். எனக்கு இது தெரியாதே உம்மா. தெரிஞ்சிருந்தா அந்தக் கருவியைப் போட்டிருக்கவே மாட்டேன்."

தேடியதையெல்லாம் அழிக்க வழி உண்டா என்று கமருன்னிஸா கேட்டாள். உண்டு, தேடல் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கிறது, ஒவ்வொன்றாகவும் அழிக்கலாம், மொத்தமாகவும் அழிக்கலாம் என்று ஷிஃபா வழி சொன்னாள். எதை அழிக்க வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கமருன்னிஸா போனை வைத்தாள்.

அந்தப் பக்கம் திறந்தது. புதியது மேலே, பழையது கீழே. கருவி வேலை செய்திருந்தது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் இங்கிலீஷ் வரிகள், ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. பூகம்பம், பங்குச்சந்தை, யாரோ ஒரு பந்தாட்டக்காரரின் பெயர். தான் தேடிய நான்கு நாளைத் தேடி அவள் கீழே தள்ளிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு தமிழ் வரி வந்தது. ‘எமர்ஜன்சி லீவு எத்தன நாள் குடுப்பாங்க’. கருவி தமிழும் பேசுகிறதா என்று நினைத்துக் கடந்துபோனாள். இன்னும் கீழே, நூறு இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவில், ‘தஞ்சாவூர்ல மார்பு கட்டிக்கி நல்ல டாக்டர்’.

விரல் நின்றது. இது தான் அடித்தது என்று முதலில் நினைத்தாள். ஆனால் ‘கட்டிக்கி’ என்று அவள் ஒருநாளும் அடிக்க மாட்டாள். பதினோரு வருடமாக வாட்ஸ்அப்பில் வரும் எழுத்து அது. கடைக்கி, ஊருக்கி, ஒனக்கி. எட்டாம் வகுப்போடு நின்றவர், காதில் விழுகிறபடி எழுதுவார். யார் என்ன எழுதினாலும் திருத்திப் பழகியவள், அவர் எழுத்தை மட்டும் திருத்தியதில்லை.

மே மூன்றாம் தேதிக்குக் கீழே இரைச்சல் நின்றுவிட்டது. அது ஷிஃபா கருவியைப் போட்ட நாள். அதற்குக் கீழே அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

‘மார்புல கட்டி எல்லாமே கேன்சரா’ என்று இருந்தது. ‘பொம்பளைக்கி மார்புல கட்டி எத்தன நாள் வச்சிருக்கலாம்’ என்று இருந்தது. அதற்கு மேலே, அதே நாளில், கால் மணி நேரம் கழித்து, ‘பொண்டாட்டி சொல்லாம மறைச்சா எப்புடி கேக்குறது’.

கமருன்னிஸா எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். தேதியைப் பார்த்தாள். அவள் முதன்முதலில் தேடியதற்கு மறுநாள். சுமையா அந்த விளம்பரத்தைப் படிப்பதற்கு மூன்று நாள் முன்பே, கட்டியைப் பற்றித் தம்மாமில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிட்டாயா, மழை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் பிரச்சனை இல்லையே என்று இன்றைக்குக் கேட்டதும் அந்தக் கேள்விதான். இல்லை என்று இவள் சொன்னாள்.

முகம் எரிந்தது. அழிக்க வந்தவள் அழிக்க மறந்து இன்னும் கீழே போனாள். அவளுடைய நான்கு நாள் தேடல் வந்தது, போனது. பெருநாள் வந்தது, அன்றைக்கு அவள் தேடிய ஒரு பலகாரக் குறிப்பு. நோன்பு மாதம் முழுக்க நோன்பு திறக்கும் நேரம். அதற்கும் கீழே, நோன்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, வரிசையாக அவர் எழுத்து.

‘கால் கட்ட வெரல் கருப்பா போனா என்ன’

‘சக்கர நோய் வெரல் எடுக்காம சரி பண்ண’

‘வெரல் எடுத்த பொரகு எத்தன நாள்ல நடக்கலாம்’

‘வெரல் இல்லாதவன வேலக்கி வச்சிக்குவாங்களா’

அவள் அதை மறுபடி படித்தாள். வேறு யாருக்காவது தேடியிருப்பாரோ என்று ஒரு கணம் மனம் இடம் தேடியது. ஜாஃபர் சாதிக்குக்கு இருக்கும், கம்பெனியில் யாருக்காவது இருக்கும். பிறகு ஷிஃபா சொன்ன இன்னொரு பக்கம் ஞாபகம் வந்தது. மறைத்த விளம்பரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பக்கம். அதைத் திறந்தாள். தபால் தலை அளவில் ஆயிரக்கணக்கான படங்கள் திரையை நிறைத்தன. இளஞ்சிவப்பு ரிப்பன்கள் இருந்தன, எதிர்பார்த்ததுதான். அவற்றுக்கு நடுவே, அவற்றைவிட அதிகமாக, முன்பக்கம் அகலமான கறுப்பு ஷூக்கள். அரபியில் எழுதிய ஆறாத புண் சிகிச்சை. சர்க்கரை அளவு பார்க்கும் கருவி. ஊன்றுகோல். சக்கர நாற்காலி. முழங்காலுக்குக் கீழே பொருத்தும் ஒரு செயற்கைக் கால், அதை மாட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு மனிதர்.

ஏப்ரலில் இந்த ஷூ ஒன்றிரண்டு தடவை கண்ணில் பட்டிருக்கிறது. ஷூ என்று விட்டுவிட்டாள். பிறகு தன் ரிப்பனை யாரும் பார்க்கக்கூடாது என்று திரையைத் துடைக்கச் சொன்னாள். அதோடு சேர்த்து அவர் கால் விரலும் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"கேமராவப் போடுங்க" என்றாள்.

நெட் சரியில்லை என்று ஆரம்பித்தார்.

"எந்தக் காலுங்க?"

பிறகு படம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் பார்த்த முகம் இல்லை. கன்னம் ஒட்டிப்போய், தாடி நரைத்து இருந்தது. அவர் போனைக் கீழே இறக்கினார். கட்டில் ஓரத்தில் நீட்டியிருந்த வலது பாதம் தெரிந்தது. கட்டை விரலும் அதற்கடுத்ததும் இருக்க வேண்டிய இடத்தில், தையல் போட்ட கோடு ஒன்று பளபளவென்று இருந்தது.

கமருன்னிஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ எப்ப சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன், கமரு" என்றார் அவர், போனை மேலே எடுக்காமலே. "ஒரு மாசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

"நீங்க மூணு மாசமா சொல்லலையே."

"ஒனக்குச் சொல்லி, அங்கேருந்து நீ என்ன செய்ய முடியும்னு விட்டுட்டேன்."

இருபத்திரண்டு வருடமாக அவள் தனக்குள் சொல்லிவந்த வார்த்தை அது. அவர் வாயிலிருந்து கேட்டபோது நெஞ்சில் அறைந்தது போல் இருந்தது. நாளைக்கே தஞ்சாவூர் போ, டாக்டர் பெயர் எழுதி வைத்திருக்கிறேன், சுமையாவைக் கூட்டிக்கொண்டு போ என்றார். சுமையா வேண்டாம், அவளிடம் சொன்னால் அஸருக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவள் சொன்னாள். தெரியட்டும் என்றார்.

மறுநாள் காலையில் சுமையாவும் அவளும் பட்டுக்கோட்டை போய்த் தஞ்சாவூர் பஸ் ஏறினார்கள். ஒரத்தநாடு தாண்டி ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, வாய்க்காலில் இயந்திரம் மண் அள்ளிக்கொண்டிருந்தது. சுமையா வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அந்த விளம்பரத்தைப் பார்த்த முகத்திலேயே எனக்குச் சந்தேகம், நான் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் போனேனே என்று தன்னையும் சேர்த்துத் திட்டினாள். டாக்டர் அம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ஊசியால் சதை எடுத்தார். கட்டி தெரிந்து எத்தனை நாளாகிறது என்று கேட்டபோது, கமருன்னிஸா வாயைத் திறப்பதற்குள் ஐந்து வாரம் என்று சுமையா சொன்னாள்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான். இரண்டாம் கட்டம். ஆபரேஷனும் மருந்தும் கதிர்வீச்சும் தேவைப்படும், குணமாகக்கூடியது என்று டாக்டர் அம்மா சொன்னார். குணமாகக்கூடியது என்ற வார்த்தை கமருன்னிஸா காதில் விழவில்லை, சுமையா பஸ்ஸில் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்ன பிறகுதான் விழுந்தது.

எதிர்பார்த்தபடியே சுமையா தெரு முழுக்கச் சொன்னாள். கமருன்னிஸா வெட்கத்தில் இரண்டு நாள் ஜன்னலைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எதிர்சாரியில் இருக்கும் அனீஸா வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் மகள் வீட்டுக்குத் திருச்சிக்குப் போவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஊரில் இல்லாமல் போனாளே, அது இதற்குத்தான் என்றாள். வலது பக்கம் முழுதாக எடுத்தாயிற்று என்றாள். ஐந்து வருடமாகத் தினமும் ஒருவரையொருவர் பார்த்துச் சலாம் சொல்லி வந்தவர்கள். மருந்து ஏற்றிய நாள் எதைச் சாப்பிட்டால் குமட்டாது என்று அனீஸா விவரமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் பின் தெருவிலிருந்து இன்னொருத்தி வந்தாள்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் ஹபீப் முகம்மது வந்து இறங்கினார். திருச்சி விமான நிலையத்தில் கமருன்னிஸாவும் ஷிஃபாவும் கம்பிக்கு வெளியே நின்றார்கள். போனில் பாதத்தைப் பார்த்துவிட்டோம், இனி அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அவர் நடப்பதை அவள் யோசிக்கவில்லை. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் வலது பக்கம் சாய்ந்து நிமிர்ந்து, ஒரு கிழவரைப் போல வந்தார். காலில் முன்பக்கம் அகலமான கறுப்பு ஷூ. அந்தப் பக்கத்தில் அவள் பார்த்த அதே ஷூ. அது விற்றவனுக்கு இந்தப் பாதத்தின் அளவுகூடத் தெரிந்திருக்கிறது. ஷிஃபா அழ ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் யாரும் வாப்பாவின் காலைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. இருவருமே மற்றவர் சொல்லியிருப்பார் என்று விட்டிருந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த மறுவாரம் ஷிஃபா லேப்டாப்போடு உட்கார்ந்தாள். அவளுக்குக் குற்ற உணர்வு போகவில்லை. தானாகத் தேடும் கருவியை எடுத்துவிட்டாள். விளம்பரம் மறைக்கும் கருவி இருக்கட்டுமா என்று கேட்டாள்.

"அது இருக்கட்டும்" என்றாள் கமருன்னிஸா. "எனக்கு ஒண்ணுதான் விளங்கல. ஒரு வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாதத, எங்கயோ இருக்குற ஷூக்கடைக்காரன் எப்படி ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்? அவன் நம்மள யாருன்னு நினைச்சிருப்பான்?"

அவன் மனிதன் கிடையாது, எல்லாம் இயந்திரம் கணக்குப் போடுவது, இரண்டு உடம்பையும் சேர்த்து ஒரே ஆள் என்றுதான் நினைத்திருக்கும் என்றாள் ஷிஃபா. மார்பில் கட்டியும் காலில் புண்ணும் உள்ள ஒரே ஆள். ஹபீப் முகம்மது அதைக் கேட்டு முதல்முறையாகச் சிரித்தார். கமருன்னிஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கென்று புது மெயில் ஒன்றை ஷிஃபா திறந்தாள். பழைய தேடல் வரலாற்றை அழித்துவிடலாமா என்று இருவரையும் கேட்டாள். அழித்துவிடு என்று ஹபீப் முகம்மது சொன்னார். அழித்தால் அந்தக் கம்பெனிக்காரர்களிடமும் அழியுமா என்று கமருன்னிஸா கேட்டாள். நம் கண்ணுக்கு அழியும், அவர்களிடம் என்ன மிஞ்சும் என்று தனக்குத் தெரியாது என்றாள் மகள். கமருன்னிஸா மகளின் கையை விலக்கிவிட்டுத் தானே அந்தப் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. இன்னொரு முறை அழுத்தினாள்.

ஹபீப் முகம்மது திரும்பிப் போகவில்லை. கம்பெனி வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை திங்கட்கிழமை காலையில் இருவரும் தஞ்சாவூருக்கு மருந்து ஏற்றப் போகிறார்கள். அவர் ஜன்னல் பக்கம் காலை நீட்டி உட்காருகிறார். மூன்றாம் முறை போனபோது ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது, இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை கட்டியிருந்தது. பஸ் பாப்பாநாடு தாண்டும்போது, காலையில் சர்க்கரை இருநூற்றுப் பத்து இருந்தது, உன்னிடம் நூற்று நாற்பது என்று சொன்னேன் என்றார் அவர். கமருன்னிஸா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முடி கொத்தாக வருவதையும், அதை மூன்று நாளாகப் பேப்பரில் சுருட்டி எறிந்துகொண்டிருப்பதையும் சொன்னாள். இறங்கியதும் முதலில் எந்த டாக்டரைப் பார்ப்பது என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.